எண்பதுக்குக் கீழே

வூச் நகரில் பிப்ரவரி.
பனி அழுக்கேறி நடைபாதை ஓரம் கிடக்கிறது.
பத்தாம் எண் டிராமை ஒப்படைத்துவிட்டு வந்தவன்
பூட்ஸைக் கழற்றியதும் முதல் வேலையாக
சப்வூஃபரைத் தூக்கி என் நாற்காலியில் உட்காரவைத்தேன்.
கறுப்பு. இருபத்திரண்டு கிலோ.
பெண் பார்க்க வந்த மாமா மாதிரி
அசையாமல் இருந்தது.

காதின் இடத்தில் அதை வைத்தால்
அதன் இடத்தைக் காது கண்டுபிடிக்கும் என்பது கணக்கு.
ஆகவே அது உட்காரும், நான் தவழ்வேன்.

ஐம்பத்தோரு வயதில் தவழ்வது என்னவென்று
முழங்காலைக் கேட்க வேண்டும்.
பாஸ் கிடார் நான்கே சுரங்களில் ஏறி இறங்கியது.
ஜன்னலடியில் மசித்த கிழங்கு.
அலமாரி மூலையில் ஒரே ஒரு சுரம் வீங்கி
மற்ற மூன்றையும் விழுங்கியது.
அறையின் நட்டநடுவில் ஒன்றுமே இல்லை,
சுவரிலிருந்து திரும்பிவந்த சத்தம்
வந்துகொண்டிருந்த சத்தத்தைக் கொன்ற இடம்.
தலையை இரண்டு முழம் நகர்த்தினேன், உயிர் வந்தது.

லுட்கா சமையலறை வாசலில் நின்று
"எதைத் தொலைத்தாய்?" என்றாள்.
"பாஸை."
"நேற்றுகூட இருந்ததே" என்று
பீட்ரூட் சீவப் போய்விட்டாள்.

கடைசியில் கிடைத்தது.
பக்கச் சுவரிலிருந்து அறுபத்தேழு சென்டிமீட்டர்,
நான்கு சுரமும் நான்கு படிக்கட்டு.
அங்கே பத்தொன்பது வருஷமாக
இஸ்திரிப் பலகை நிற்கிறது.
பேச்சுவார்த்தை இரண்டு நாள் நீடித்தது.
பலகை குளியலறைக்குப் போனது,
ஞாயிற்றுக்கிழமை இஸ்திரி என் தலையில் வந்தது.

பிறகு அந்தக் குமிழ்.
நாற்பது ஹெர்ட்ஸிலிருந்து நூற்றறுபது வரை.
நூற்றிருபதில், பாடகியின் நெஞ்சு இஸ்திரி மூலையில்,
வாய் இன்னும் ஜன்னல் பக்கம்.
நாற்பத்தைந்தில், இரண்டுக்கும் நடுவே ஒரு பள்ளம்,
அதில் செல்லோ இறங்கிக் காணாமல் போனது.
எண்பது. தொண்ணூறு. மறுபடி எண்பது.
ஃபேஸ் சுவிட்சை இந்தப் பக்கம், அந்தப் பக்கம்.
ஸ்பீக்கர்களைச் சுவரைவிட்டு ஒரு சாண் இழுத்து
தரையில் மஞ்சள் டேப் ஒட்டினேன்.
லுட்கா அதைத் தாண்டித் தாண்டி நடந்தாள்,
குற்றம் நடந்த இடம் என்று தங்கையிடம் போனில் சொன்னாள்.

சின்னவை எங்கே விடுகின்றன,
பெரியது எங்கே எடுத்துக்கொள்கிறது,
காதுக்குத் தெரியாவிட்டால் சரியாம்.
எனக்குத் தெரிந்துகொண்டேயிருந்தது.
பணிமாற்றும்போது அடுத்தவன் வந்து உட்கார்ந்தால்
இருக்கையின் சூடு சொல்லிவிடுமே, அதுபோல.

மூன்றாவது வாரம் அழைப்புமணி.
கீழ்வீட்டு செவெரின் குப்காவ்ஸ்கி,
செருப்பும் கம்பளிக் கழுத்துத்துணியும்.
மன்னிப்பு என் நாக்கின் நுனியில் இருந்தது.

"எனக்குக் கீழ்ப்பாதி மட்டும் வருகிறது" என்றார்.
"கூரைவிளக்கின் மணிகள் ஆடுகின்றன.
டும், டும், கொஞ்சம் யோசனை, டும்.
இதற்கு மேலே என்னதான் ஓடுகிறது?
தெரிந்ததையெல்லாம் பொருத்திப் பார்த்துவிட்டேன்."

என் நாற்காலியைக் கொடுத்தேன்.
குமிழ் எண்பதில். முழுப் பாட்டும் போட்டேன்.
கையை முழங்காலில் வைத்துக்
கடைசிவரை கேட்டார்.
"பெண்ணா பாடுகிறாள்" என்றார்.
எழுந்தார். மஞ்சள் டேப்பை மிதிக்காமல் நடந்தார்.
வாசலில் நின்று, கொஞ்சம் கூச்சத்துடன்,
"தப்பாக நினைக்காதீர்கள்,
நான் மேலே வைத்திருந்தது இதைவிட நன்றாக இருந்தது."

அது எப்படிப் போகும் என்று கேட்பதற்குள்
ஒரு மாடி இறங்கிவிட்டார்.

காலை நான்கு நாற்பது. முதல் டிராம்.
பின்னால் ஒரே ஒரு நர்ஸ், தூக்கத்தில்.
காலடியில் தண்டவாளம் எண்பதுக்குக் கீழேயே
உருண்டுகொண்டிருக்கிறது,
டும், டும், கொஞ்சம் யோசனை.
மேலே ஏதாவது வைத்துப் பார்க்கிறேன்,
உதடு மூடியபடி.
பொருந்தவில்லை.
அடுத்த நிறுத்தத்துக்குள் இன்னொன்று.